ரசீது

முதலில் கவனித்தது நானில்லை, கோப்பை.
மேசையில் வைத்த காபி
தானாக நகர்ந்தது முன்பக்கம் நோக்கி,
யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி.
வலையை இழுத்தபடி வடக்கே ஊர்ந்த படகு
நின்றது.
பிறகு பின்னால் போகத் தொடங்கியது.

இருபத்தாறு வருடம் கடலில் சமைத்தவன் நான்.
கடல் தூக்கும், போடும், பக்கத்தில் அறையும்.
பிடரியைப் பிடித்துப் பின்பக்கமாக இழுத்துப்போகும் கடலை
அன்றுதான் பார்த்தேன்.
உருளைக்கிழங்குப் பானையைக் கட்டிக்கொண்டு
எய்லெர்ட்டைத் திட்டினேன்,
எந்திரத்தைத் திருப்பிப் போட்டுவிட்டாயா குடிகாரா என்று.
கீழேயிருந்து அவன் என்னைத் திட்டினான்.
எந்திரம் முன்னோக்கித்தான் ஓடிக்கொண்டிருந்தது,
முழு மூச்சில்.

ஜனவரி. வர்தோவுக்கு வடகிழக்கே நாற்பது மைல்.
காலை பதினொன்று என்றது கடிகாரம்.
அந்த மாதத்தில் எங்களுக்கு
கடிகாரம் சொன்னால்தான் பகல்.

பின்தளம் தண்ணீர் குடித்தது.
மீன்பெட்டிகள் மிதந்தன, ஒற்றைக் கையுறை மிதந்தது.
கோப்பை மனம் மாறி
பின்பக்கம் ஓடி உடைந்தது.

சிக்வார்ட் வின்ச்சருகே நின்றான்.
பிரேக்கை விடு என்று டோர்லெய்ஃப் கத்தியது
எனக்கே கேட்டது.
அவன் விட்டான்.
இரும்பு வடம் ஓடியது, ஓடியது,
உருளையில் கடைசிச் சுற்றுவரை ஓடி
வலப்பக்கம் அறுந்தது.
அறுந்த வடம் எந்தப் பக்கம் பாயும் என்பது
வடத்துக்கும் தெரியாது.

படகு நிமிர்ந்தது.
நாங்கள் நால்வரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டோம்,
விளக்கடித்தோம்.
கடல் அவ்வளவு அமைதியாக இருந்தது,
திருடிய பிள்ளையின் முகம் போல.

இடப்பக்க வடத்தில் பாதி வலை வந்தது.
அதன் கண்ணிகளில் மீனில்லை.
கறுப்பு ரப்பர் துண்டு ஒன்று,
என் உள்ளங்கை அகலம், இரண்டு விரல் கனம்,
ஒரு புறம் வழவழப்பு, மறு புறம் பசை.
கரண்டியால் தட்டிப் பார்த்தேன்.
சத்தம் வரவில்லை.
இன்னும் ஓங்கித் தட்டினேன்.

விசாரணை ட்ரொம்சோவில், மாடி அறையில்.
மூன்று பேர். ஒருவர் சீருடையில் பெயர் இல்லை.
திமிங்கிலமாக இருக்கலாமே என்றார்.
திமிங்கிலம் ரப்பர் உடுத்துவதில்லை என்றான் டோர்லெய்ஃப்.
அது குறிப்பில் ஏறவில்லை.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன்;
எழுபது மீட்டர் இரும்பை
ஒரு வாக்கியத்தில் மறைத்தார்கள்.
'அன்றைய தினம் அப்பகுதியில் எங்கள் கலம் எதுவும் இல்லை.'
மூன்று நாடுகள், மூன்று கடிதங்கள்,
காற்புள்ளிகூட மாறவில்லை.

துண்டை எடுத்துக்கொண்டு ரசீது கொடுத்தார்கள்:
ரப்பர், கறுப்பு, ஒன்று.
சிக்வார்டின் மனைவி ரான்ஃப்ரீட்
அதை வாங்கிப் படித்தாள்,
திருப்பிப் பின்புறமும் பார்த்தாள்,
வேறேதாவது எழுதியிருக்குமோ என்று.

இப்போது நான் கரையில்,
பள்ளிக்கூடச் சமையலறையில், நூற்றிருபது தட்டு.
கோபம் என்றால் கோபம்தான்.
ஆனால் குழம்பு கொதிக்கும்போது
இன்னொன்றும் வருகிறது.
அந்த இரும்புக்குள்ளும் ஒருவன் சமைத்திருப்பான்.
நூறு பேருக்கு, ஜன்னல் இல்லாமல்.
எங்கள் பாரம் தொற்றியதும்
அவன் பானையும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்;
கையைச் சுட்டுக்கொண்டு யாரையோ திட்டியிருப்பான்.
பாறை என்று அவனிடம் சொல்லியிருப்பார்கள்.
சமையல்காரனிடம் யார் உண்மை சொல்கிறார்கள்?

என்றாவது அவன் இங்கே வந்தால்
எந்த நாடு என்று கேட்கமாட்டேன்.
உட்காரச் சொல்லி, அரைக் கோப்பை ஊற்றி
(இப்போதெல்லாம் அரைதான் ஊற்றுகிறேன்)
ஒன்றே ஒன்று கேட்பேன்:
அன்று உன் காபி
எந்தப் பக்கம் நகர்ந்தது?